தொட்டாயா, ஆம்ப்ரோஸ்?

ஆம்ப்ரோஸ் கீஹோவின் வலது கையை உடைத்தவன் நான்தான். சண்டையில் அல்ல, வேலையில். 1879-ஆம் வருடம் மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஃபெர்னால்ட் ஃபால்ஸ் ஊரின் சாம்பல் காலுறை பேஸ்பால் அணிக்கு நான் பந்து வீசினேன். ஆம்ப்ரோஸ் கேட்சர்; மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று அதை வெறுங்கையால் பிடித்தான். அறுபது ஆட்டம். இப்போதைய பிள்ளைகள் தலையணை மாதிரி ஒரு தோல் உறையை மாட்டிக்கொண்டு பந்து பிடிப்பதைப் பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆம்ப்ரோஸ் தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தவன். பத்து வயதில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தவன், இருபத்திரண்டு வயதுவரை அங்கேதான் நின்றான். அந்த நாற்றம் எத்தனை முறை குளித்தாலும் போகாது. தேவாலயத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நின்றுகொள்வான். எங்கள் அணியில் சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்து ஜெபம் செய்தான். தொப்பி தைக்கும் ஹல்டா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான். அடுத்த வருடமும் அணியில் வைத்துக்கொண்டால் கல்யாணம், இல்லாவிட்டால் மறுபடியும் சுண்ணாம்புத் தொட்டி. அவன் வாழ்க்கை அவ்வளவு எளிமையாக இருந்தது.

அப்போதெல்லாம் ஆட்டத்துக்கு ஒரே ஒரு அம்பயர். அவர் கண்ணில் படாமல் ஏதாவது நடந்துவிட்டால் ஆட்டக்காரனையோ கூட்டத்தையோ கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். கூட்டத்தைக் கேட்டால் என்ன வரும்? எல்லோரும் சொந்த ஊருக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆட்டக்காரர்களான நாங்களும் கூசாமல் புளுகுவோம். நானே புளுகியிருக்கிறேன். ஜூன் மாதம் ஒருநாள் ஒரு பந்தைத் தரையில் பட்டபின் பிடித்தாயா, முன்பே பிடித்தாயா என்று ஆம்ப்ரோஸைக் கேட்டார்கள். "தரையில பட்டுச்சுங்க," என்றான். அந்த ஆட்டம் கையை விட்டுப் போனது. எங்கள் கேப்டன் சைலஸ் ரெம்சன் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் எந்த அம்பயரும் நேராக ஆம்ப்ரோஸிடம்தான் வருவார்.

ஜூலையில் அவனுடைய மோதிர விரல் வளைந்துபோனது. அதை இழுத்துக் கட்டிக்கொண்டு ஆடினான். அடுத்து நடுவிரல். வீக்கம் வடிய உள்ளங்கையில் பச்சை மாட்டிறைச்சியை வைத்துக் கட்டுவான், உப்புநீரில் கையை ஊறவைப்பான். நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். "என்னடா, உங்க மாமியார் வீட்டுக் கோழிக்குத் தீனி போடுறியா? ஒழுங்கா எறிடா!" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி திட்டினான். நானும் எறிந்தேன். எங்கள் அணி அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு மாதம் ஒரு காலை, நாங்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆம்ப்ரோஸ் அடுப்பிலிருந்த காப்பிப் பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வந்தான். தோல் கருகும் வாடை எனக்கு வந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குக் கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டிருந்தான்.

நான் அவனைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா. மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணுமே தெரியலடா."

"அப்புறம் எப்படிடா பந்து பிடிக்கிற?"

"கண்ணால பார்க்கிறேன். கைக்குள்ள இருந்தா பிடிச்சுட்டேன்னு அர்த்தம்." சிரித்தான். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "ஓரின், கேப்டன் காதுக்குப் போச்சுன்னா என் கதை முடிஞ்சுது. செப்டம்பர் வரைக்கும் வாயத் திறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை நட்பு என்று அன்று நினைத்தேன். எனக்கு நல்ல கேட்சர் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

கடைசி ஆட்டம் வெல்டன் பச்சைக் காலுறை அணியோடு. ஜெயிக்கிறவர்களுக்கு வருடத்தின் வெற்றிக் கொடி. அம்பயர் ஹேவன்ஸ் ஒரு குதிரை வைத்தியர், பட்டுத் தொப்பி போட்ட பெரிய மனிதர். மூன்று வாரம் மழை இல்லாததால் மைதானம் மாவாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது, கடைசிச் சுற்றில், வெல்டனின் ஜேபஸ் லண்ட் ஒவ்வொரு மூலையாகச் சுற்றிக்கொண்டு மட்டைக்காரன் நிற்கும் வெள்ளைக் கல்லை நோக்கிப் பாய்ந்து வந்தான். கல்லை மிதித்துவிட்டால் அவர்களுக்கு ரன். அதற்குள் பந்து வைத்த கையால் அவனைத் தொட்டுவிட்டால் அவன் அவுட். தூரத்திலிருந்து பந்து வந்தது. ஆம்ப்ரோஸ் பிடித்தான். லண்ட் சறுக்கிக்கொண்டு விழுந்தான், ஆம்ப்ரோஸ் அவன்மேல் விழுந்தான். புழுதி எழும்பி இரண்டு பேரையும் மூடிவிட்டது.

புழுதி அடங்கியபோது லண்டின் கால் கல்மேல் இருந்தது. பந்து ஆம்ப்ரோஸின் கையில் இருந்தது.

ஹேவன்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்தார். 

"எனக்குத் தெரியலப்பா. நீ சொன்னா எனக்குப் போதும். கல்லை மிதிக்கிறதுக்கு முன்னாடி தொட்டியா, ஆம்ப்ரோஸ்?"

நான் ஐந்தடி தள்ளி நின்றேன். அவன் கண்களை இறுக்கி மூடித் திறந்தான், கண் முழுக்க மண். கையைப் பார்த்தான். அந்தக் கை அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்றால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். லண்டே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெரியலைங்க ஐயா," என்றான் ஆம்ப்ரோஸ்.

"தெரியலைன்னா?"

"இந்தக் கையில உணர்ச்சி இல்லைங்க. பட்டுச்சா படலையான்னு எனக்குத் தெரியாது."

கேப்டன் ரெம்சன் ஓடிவந்தான். "ஆமான்னு ஒரு வார்த்தைடா, பாவி! ஒரே வார்த்தை!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். பிறகு அவன் கையைத் திருப்பிப் பார்த்தான், கருகின உள்ளங்கையைப் பார்த்தான், விட்டுவிட்டான். ஹேவன்ஸ் லண்டுக்கு ரன் கொடுத்தார். கொடி வெல்டனுக்குப் போனது.

மறுநாள் காலை அடுத்த வருட ஆட்டக்காரர்களின் பட்டியலை விடுதிக் கதவில் ஒட்டினார்கள். என் பெயர் முதலில் இருந்தது. ஆம்ப்ரோஸ் பட்டியலைக் கடைசிவரை படித்தான், இன்னொரு தடவை மேலிருந்து படித்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஹல்டா அவனையே கட்டிக்கொண்டாள். நாற்றம் மூக்குக்குப் பழகிவிடும் என்றாளாம்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் ஜேபஸ் லண்டைப் பார்த்தேன். தொப்பை போட்டிருந்தான். பேச்சுவாக்கில் அவனே அந்த நாளை எடுத்தான். "உங்க ஆளு என்னைத் தொட்டான்யா. கல்லுக்கு ஒரு கஜம் முன்னாடியே. இடது இடுப்புல, இதோ இங்க, கன்னிப்போயி ரெண்டு வாரம் புரண்டு படுக்க முடியல. என்கிட்ட யாரும் கேட்கல, நானும் சொல்லல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆலைக் குடியிருப்புக்குப் போனேன். ஹல்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸின் வலது கை மேசைமேல் கிடந்தது, விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. லண்ட் சொன்னதை அப்படியே சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேனோ, அடிப்பான் என்று நினைத்தேனோ, எனக்கே தெரியாது.

அவன் சுருண்ட விரல்களைப் பார்த்தான். "எங்க பட்டுச்சாம்?" என்றான்.

"இடது இடுப்புல."

"எழுந்திரு."

எழுந்து நின்றேன். அவன் என் முன்னால் மண்டியிட்டு அந்தக் கையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தான்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

கையை மேலே நகர்த்தினான். அழுத்தினான், எனக்கு வலித்தது. ஹல்டாவின் கத்தி நின்றுவிட்டது. அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"இப்போ தொடுறேனா, ஓரின்?"

"தொடுறடா," என்றேன்.