ராக்கு தேய்த்த சட்டி

அபிராமத்துப் பக்கம் மிளகாய்க் காட்டில் களையெடுத்தே ஐம்பது வயதைத் தொட்டவர் ராக்கு. கணவர் இல்லை, ஒரே மகள் பூங்கோதை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆறு வாரம் அகழாய்வுப் பயிற்சி நடத்த வந்தபோது, பானை ஓடு கழுவும் வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை அவருக்கு அதுதான் முதல் தடவை. "நானும் காலேசுக்குத்தான் போறேன்" என்று மகளைச் சீண்டுவார்.

நான் லிண்டா, பாம்பன்காரி, தொல்லியல் மாணவி. பயிற்சிக்குச் சேர்ந்தவளை, இங்கிலீஷ் பேசிய குற்றத்துக்காக மொழிபெயர்ப்பாளராகவும் ஆக்கிவிட்டார்கள்.

ஐந்தாவது வாரம் முழுச் சட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே, என்றோ யாரோ சமைத்தது கருகி ஒட்டியிருந்தது. அப்படியொரு கரியை ஆராயத்தான் எமிலி என்ற மாணவி கடல் தாண்டி வந்திருந்தாள்.

"இதைக் கழுவக் கூடாதென்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடு" என்றார் பேராசிரியர். தலையாட்டினேன். அதற்குள் தோழி போன் செய்தாள். சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் சட்டிக்குள் துளிக் கரி இல்லை.

"தேங்கா நாரு போட்டுத் தேச்சேன் பாப்பா" என்றார் ராக்கு பெருமையாக. "அடிப்பிடிச்ச சட்டிய அப்படியே விருந்தாளி கையில குடுத்தா நம்மள என்ன நெனப்பாக?"

எமிலி தரையில் உட்கார்ந்து அழுதாள். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாயா?"

"சொன்னேன் சார்."

சொல்லியும் கேட்காத ஆள் இனி வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம் என்றார். அதையும் ராக்குவிடம் தமிழில் சொன்னது நான்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசி நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன கற்றோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். ஒருவன் பொறுமை என்றான். ஒருத்தி மிளகாய் என்றாள், சிரித்தோம். நான் கவனம் என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அப்போதுதான் ராக்கு வந்தார்.

"பாப்பா, அந்தப் புள்ளகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு. நீ சொன்னது எங் காதுல விழுகாமப் போச்சு. செவிடாகிட்டு வாரேன் போல."

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நானோ அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னேன். எமிலி எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

போன மாதம் பூங்கோதை போன் செய்தாள்.

"அக்கா, அம்மாவ ராமநாதபுரம் கூட்டிட்டுப் போயி காது டெஸ்ட் எடுத்தேன். காதுல ஒரு கோளாறும் இல்லங்கிறாரு டாக்டரு. அம்மா நம்ப மாட்டேங்குது. லிண்டா பாப்பா சொன்னதே கேக்கலையேங்குது. மதுரையில நல்ல காது டாக்டர் யாரும் இருந்தா சொல்றீகளா?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.