என் குரலில் வந்த பொய்ச் செய்தி: சால்ட் லேக்கிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு ஒரு மதியம்

கடந்த ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், ஐந்து நாள் கொல்கத்தாவில் இருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பதினாறு வருடம் சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவள் நான். இப்போது விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் குரல் கொடுக்கிறேன். அந்நகரின் சால்ட் லேக் பகுதியில் உள்ள ஓர் ஊடக ஆய்வுக்கூடம், கணினியே தமிழில் செய்தி வாசிக்கும் முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெண் குரல் வேண்டும், மூன்று நாள் ஒலிப்பதிவு என்று அழைத்தார்கள். இனி என்னைப் போல இந்த வேலைக்காக அங்கே போகிறவர்கள் அதிகமாவார்கள் என்று தோன்றுகிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். நடுவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஹவுரா சுமார் 1,660 கிலோமீட்டர். நான் வந்த ரயில் ஹவுராவுக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் சாந்த்ராகாச்சியிலும் நிற்கும். அங்கேதான் இறங்கினேன், ஏனென்றால் என் அக்கா சங்கரி அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அத்தானுக்கு யார்டில் சரக்கு வேகன்களைப் பரிசோதிக்கும் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகிவிட்டது. அக்கா காய்கறிக்காரரிடம் வங்காளத்தில் சண்டை போடுவாள்; என்னைப் பார்த்ததும் மட்டும், "என்னட்டி இப்படி மெலிஞ்சு போய்ட்ட?" என்று நேராக ஊருக்கே போய்விடுவாள்.

சாந்த்ராகாச்சியிலிருந்து, ஆய்வுக்கூடம் இருக்கும் சால்ட் லேக் செக்டர் ஃபைவுக்கு வாடகைக் கார் வேண்டாம். முதல் நாள் அதில்தான் போனேன். இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், 610 ரூபாய். திரும்பும்போது மெட்ரோவில் ஹவுரா வந்து, அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்தேன். மெட்ரோ முப்பது ரூபாய், லோக்கல் ஐந்து ரூபாய். ரயில் டிகியாபாரா பக்கம் சிக்னலுக்காக நிற்காமல் இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆய்வுக்கூடம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. திட்டத்தை நடத்துபவர் அனிந்திதா என்ற பெண், நாற்பது வயது இருக்கும். என்னுடன் ஆங்கிலத்தில்தான் பேசினார். புயல் வரும்போது மீனவர்களுக்கான எச்சரிக்கை எல்லா மொழியிலும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் இது என்றார். அவர் சொன்னதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். முதல் நாள் முழுக்க வாசித்தேன்: வானிலை, விலைவாசி, விளையாட்டு. இடைவேளையில் ஒரு பொறியாளர், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பெயரைத் தமிழில் எப்படி உச்சரிப்பீர்கள்?" என்றார். சாந்த்ராகாச்சி என்று நான்கு விதமாக, நிறுத்தியும் வேகமாகவும், சந்தோஷமாகச் சொல்லிக் காட்டினேன்.

இரண்டாம் நாள் காலை பத்தரைக்கு என் குரலை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் வாசிக்காத ஒரு செய்தி. மூச்சு எடுக்கும் இடம், ரகரத்தில் நான் கொடுக்கும் லேசான அழுத்தம், ஒரு வாக்கியம் முடிந்ததும் விடுகிற இடைவெளி எல்லாம் அப்படியே இருந்தன. ஏசி அதிகம் என்று சொல்லி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அனிந்திதா ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றாக இருக்கிறது" என்றேன். வேறென்ன சொல்ல?

கொல்கத்தாவில் உள்ள தமிழர்கள் சிலரைச் சோதனைக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு ஒலித் துண்டுகளை அனுப்பி எது மனிதக் குரல், எது கணினிக் குரல் என்று கேட்பார்கள் என்றும் சொன்னார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு கீழே தெருவோரக் கடையில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டுப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பத்திலிருந்து போன் வந்தது.

"கோமதி, நீங்க வாசிச்ச நியூஸ் நிஜமா? சங்கரி அக்கா அழுதுட்டு ஓடுறாங்க."

"எந்த நியூஸ்?"

அந்தப் பெண் அதை எனக்கு அனுப்பினாள். பதினெட்டு நொடி. தெருவில் நின்று கேட்டேன். "சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் இன்று காலை சரக்கு வேகன் ஒன்றில் தீப்பிடித்ததில், பரிசோதனைப் பணியில் இருந்த மூன்று ஊழியர்கள் படுகாயமடைந்தனர்." என் குரல். துக்கச் செய்திக்கு நான் எப்போதும் தணிப்பது போலக் கடைசி வார்த்தையில் தணிந்திருந்தது. சோதனைக்குச் சேர்ந்த யாரோ ஒருவர், இது நிஜமாக இருக்குமோ என்று பதறி, தன் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். அங்கிருந்து தமிழ்ச் சங்கக் குழு, அங்கிருந்து குவார்ட்டர்ஸ்.

அக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தாள். மூச்சு இரைத்தது. ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான். அது பொய். மெஷின் பேசினது. அத்தானுக்கு ஒண்ணும் ஆகல."

"அவுக போனை எடுக்க மாட்டேங்காக."

"லைனுக்குள்ள போறப்ப போனைப் பெட்டியிலதான வெச்சிட்டுப் போவாக? நீதான சொன்ன? அக்கா, நில்லு. வீட்டுக்குப் போ."

அவள் திருப்பிக் கேட்டாள்: "யாருட்டி நீ?"

"கோமதிதான்க்கா."

"அதுவும் இந்தக் குரல்லதான் சொல்லிச்சி. இப்பமும் இதே குரல்தான் சொல்லுது. எதை நான் நம்ப?"

வீடியோவில் வருகிறேன் என்று சொல்வதற்குள் துண்டித்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அது பொய் என்றேன்; அக்கா அதற்குள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டாள் என்றாள்.

செக்டர் ஃபைவ் மெட்ரோ நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. ஓடினேன். ஒன்று நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. யார்டை நான் பார்த்திருக்கிறேன். அகலமான இருப்புப் பாதைக் காடு. எஞ்சின் இல்லாமல் தள்ளிவிடப்பட்ட வேகன்கள் அங்கே சத்தமில்லாமல் உருண்டு வரும். பழகியவர்களே ஒவ்வொரு லைனிலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டுவார்கள். அக்காவுக்கு ரத்த அழுத்தம். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாளா? இந்தக் கேள்வியை மட்டும் எத்தனை முறை கேட்டுக்கொண்டேனோ தெரியாது.

சியால்தாவைத் தாண்டியதும் என் போனில் சிக்னல் போய்விட்டது. ஆற்றுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் வண்டி போகும்போது சுவரில் நீல விளக்கு ஓடும். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார முடியவில்லை.

ஹவுராவில் இரண்டு இருபதுக்கு லோக்கல் கிடைத்தது. வழக்கம்போல டிகியாபாராவுக்கு முன்னால் நின்றது. ஒன்பது நிமிடம். தாஸ்நகர், ராம்ராஜாதலா நிலையங்கள் கடந்தன. அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கதவோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார்டுப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். அது பொய் என்று உலகத்தில் யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரவேயில்லை. ஆனாலும் வானத்தைத் துழாவினேன். தூரத்தில் சாம்பலாக ஏதோ தெரிந்தது. குளிர்காலத்து மூட்டம்தான் அது.

வீடு திறந்து கிடந்தது. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருந்தாள். அலமாரி மேல் அவளுடைய கண்ணாடி இருந்தது. கீழ் வீட்டு வங்காளப் பெரியம்மா கையால் யார்டைக் காட்டி, "திதி ஓய் திகே கேச்சே" என்றார். அக்கா அந்தப் பக்கம் போனாள் என்று.

நான் யார்டு வாசலை அடைந்தபோது மூன்று மணி. உள்ளே விடவில்லை. காவலரிடம் அத்தான் பெயரைச் சொன்னதும், பக்கத்தில் இருந்த சின்ன கேபினைக் காட்டினார். அக்கா அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவை முழங்காலுக்குக் கீழே கிரீஸும் ரத்தமுமாக இருந்தது. ஒரு கால் செருப்பு இல்லை. பக்கத்தில் அத்தான், தலைக்கவசத்தைக் கழற்றாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குவார்ட்டர்ஸ் பக்கமா உள்ள வந்து, நாலாவது லைன்ல உருண்டு வந்த வேகனுக்கு முன்னால நின்னுருக்கா," என்றார். "தண்டவாளம் மாத்திவிடுற பாயிண்ட்ஸ்மேன் தோளைப் பிடிச்சு இழுத்துப் போட்டான். ரெண்டு கை தூரந்தான் இருந்துச்சாம். என்னத்தைக் கேட்டுட்டு வந்தா இவ? யாரு சொன்னது தீப்பிடிச்சிதுன்னு?"

"நான்தான் அத்தான்," என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, பேசும்போது என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு முழங்காலில் ஐந்து தையல். மறுநாள் நான் மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. "யாரு செஞ்சதுன்னு நான் பாக்கணும்," என்றாள். அதனால் மூன்றாம் நாளும் கார். ஆற்றுப் பாலத்தில் அக்கா கண்ணை மூடியபடியே வந்தாள்.

அனிந்திதாவுக்கு நான் முந்தின நாளே எழுதியிருந்தேன். அவர் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த வாக்கியங்களை எழுதியது, என்னிடம் ஊர்ப் பெயரைக் கேட்ட அதே பொறியாளர். உள்ளூர்ப் பெயர் இருந்தால் கேட்பவர்கள் கவனமாகக் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறார். யாரும் இரண்டாம் முறை படித்துப் பார்க்கவில்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அக்கா வங்காளத்தில் அவரிடம் கேட்டாள்: "அதை நீங்கள் அழித்துவிட்டால், இனி அது பேசாதா?"

"எங்களிடம் இருப்பது பேசாது, திதி," என்றார் அனிந்திதா. "போனில் போனது என் கையில் இல்லை."

"உங்களுக்குப் பயமாக இல்லையா?"

"இருக்கிறது," என்றார். "என் அம்மா சிலிகுரியில் தனியாக இருக்கிறார். நேற்றிரவு முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

நான் விலகுவதாகக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கண்ணெதிரில் பதிவுகளை அழித்தார்கள். அதற்கு முன் அனிந்திதா தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்: அதே கணினிக் குரலில் மறுப்புச் செய்தி ஒன்றை உடனே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பலாம். அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். மறுநாள் காலை யார்டு வாசலில், அத்தான் ஒரு பக்கமும் கட்டுப்போட்ட காலோடு அக்கா மறுபக்கமுமாக நிற்க, நானே பேசி வீடியோ எடுத்தோம். தீ எதுவும் பிடிக்கவில்லை, ஊழியர் யாருக்கும் காயமில்லை, முதலில் வந்தது கணினி செய்த குரல் என்று.

அன்று மாலைக்குள் பலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் மட்டும், முன்பின் தெரியாதவர், இப்படி எழுதியிருந்தார்: "முதல் ஆடியோதான் ஒரிஜினல் மாதிரி இருக்கு. இந்த வீடியோவில் வாய் சரியாக ஒட்டவில்லை. ஏஐ என்று நினைக்கிறேன்." அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. செக்டர் ஃபைவுக்குக் காலை ஒன்பதரைக்கு மேல் சாலையில் போகாதீர்கள், மெட்ரோதான் சரி. ஜனவரியில் ஸ்வெட்டர் தேவை. ஒலிப்பதிவு அறைகளில் இரட்டிப்பாகத் தேவை. ஒப்பந்தத்தில் உங்கள் குரலை வைத்து என்ன வாக்கியம் உருவாக்கினாலும் வெளியே போகும் முன் உங்களிடம் காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சோதனைக்கு அனுப்பும் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இது கணினிக் குரல் என்று சொல்ல வைக்கச் சொல்லுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. நிஜ ஊர்ப் பெயரோ, உங்கள் ஆட்கள் இருக்கும் இடமோ சோதனை வாக்கியத்தில் வரக்கூடாது. போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து, உங்களுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியையும் பதிலையும் பேசி வையுங்கள். கேலிக்கூத்தாகத் தோன்றும். தோன்றட்டும்.

நானும் அக்காவும் இன்னும் அப்படி ஒரு கேள்வியைப் பேசிக்கொள்ளவில்லை. எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தாலும், அதைப் போனில் சொல்லும்போதே யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். சென்னை வந்த பிறகு வாரம் இரண்டு முறை கூப்பிடுகிறேன். நான் "அக்கா" என்றதும் அந்தப் பக்கம் இரண்டு, மூன்று நொடி மௌனம். பின்னால் சரக்கு வண்டி போகிற சத்தம் கேட்கும். அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு எழுத்தாக. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே பேச முயற்சி செய்கிறேன்.