நாலு எண்ணிக்கை முன்னால்

இது நடந்தது. கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் திருப்பதியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் கீர்த்தியைக் கேட்டுக்கொள்ளட்டும். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பேஸ் கிடார் வாசிக்கும் தணிகாசலம், முப்பது வருஷ ராக் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தார். அதில் ஒரு பொய். சித்தூர்க் கச்சேரியில் நாலு எண்ணிக்கை முன்னாலேயே பல்லவிக்குள் பாய்ந்து பாட்டைக் கவிழ்த்தது அவர்தான். பழியை டிரம்ஸ் வாசித்த சிநேகிதன் ஹரிபாபு மேல் போட்டார். அந்த மனுஷன் இவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு வாய்ப்புகள் போயின, இருவருக்கும் பேச்சும் நின்றது. அதே பொய் இப்போது அச்சுக்குப் போகவிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமே... ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று போன் போடலாம், நாளை போடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அன்று வியாழக்கிழமை. காலை 11.30. கீர்த்தியின் ஸ்டூடியோவில் ஒரு புதுப் பாட்டு. அதற்கு டிரம்ஸ் ஹரிபாபுதான். ரேணிகுண்டா வீட்டிலேயே வாசித்து அனுப்புவதாகக் கீர்த்தியோடு ஏற்பாடு.

கண்ணாடி அறைக்குள் தணிகாசலம் ஹெட்போனை மாட்டினார். டிரம்ஸ் கேட்டது. ஹரிபாபுவின் கை. சந்தேகமே இல்லை.

11.40. விரல் தடுமாறியது. நாலு எண்ணிக்கை முன்னாலேயே பல்லவிக்குள் பாய்ந்துவிட்டார்.

டிரம்ஸும்... கூடவே பாய்ந்தது.

பதிவு செய்த டிரம்ஸ் எப்படி ஆளைத் தொடரும்?

டப்... டப்... டப்.

காதோரம் ஒரு மூச்சு.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

“டிரம்ஸை நிறுத்தும்மா.”

“எந்த டிரம்ஸ்ணா? கணக்குக்கு டிக் டிக் மட்டும்தான் போட்டுக்கினு இருக்கேன். ஹரிபாபு அண்ணா இன்னும் அனுப்பவே இல்ல.”

ஹரிபாபுவுக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் மனைவி கலைவாணி.

“போயிட்டாருண்ணா... விடிகாலை நாலு மணிக்கு. நெஞ்சு வலி.”

தணிகாசலம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். மன்னிப்புக் கேட்க ஆளில்லை. அன்றைக்கே அச்சகத்துக்குப் போய், அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டு உண்மையை எழுதிக் கொடுத்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், ஹரிபாபுவின் கம்ப்யூட்டரில் கிடந்த பதிவைக் கலைவாணி அனுப்பிவைத்தாள். சாவதற்கு முந்தைய சாயங்காலம் 7.20க்கு வாசித்தது. கீர்த்தி அதை, அந்த வியாழக்கிழமை பதிவான தணிகாசலத்தின் பேஸோடு சேர்த்து ஓடவிட்டாள்.

ஓர் இடத்தில் டிரம்ஸ் நாலு எண்ணிக்கை முன்னாலேயே பல்லவிக்குள் பாய்ந்தது. பேஸோடு இம்மி பிசகவில்லை.

தணிகாசலம் அந்தத் தப்பைச் செய்ததோ... மறுநாள் 11.40க்கு.