கொக்கிப் பின்னுக்கு ஒரு பொட்டு

துடியலூரில் அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த பட்டறைக்கு, நான் நான்காவது படிக்கும்போது ஒரு யோகம் அடித்தது. பெங்களூர் கம்பெனி ஒன்றின் மூலமாக ராணுவ ஹெலிகாப்டர் வேலை வந்தது. பீரங்கியையே வயிற்றுக்கடியில் கொக்கியில் மாட்டித் தூக்கிப் போகிற பெரிய ஹெலிகாப்டர். அந்தக் கொக்கியில் போடும் எஃகு பின்களை உதிரியாகச் செய்து கொடுப்பதுதான் எங்கள் பங்கு. அப்பா பேசுவதைக் கேட்டால், ஹெலிகாப்டரையே பட்டறைக்குள் நிறுத்தியிருப்பதாகத் தோன்றும்.

முதல் பெட்டி தேறினால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா பின்களை எண்ணெயில் தோய்த்து, காகிதத்தில் சுற்றி அடுக்கி வைத்தார். மறுநாள் ஆயுத பூஜை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பொட்டு வாங்காமல் எதுவும் தப்பாது. லேத்து, ஸ்பேனர், மொபெட், என் ஜியாமெட்ரி பாக்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது பக்கத்து வீட்டு அத்தையின் பொறுப்பு. அப்பாவின் அக்கா. அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில், எங்கோ பனிமலையில் இருந்தார். “உங்க பையன் இருக்கற மலைக்கெல்லாம் இந்த ஹெலிகாப்டர்தானுங்கக்கா சாமான் கொண்டுபோகுது” என்று அப்பா அவளிடமும் பெருமையடித்திருந்தார்.

பின்களைச் சோதிக்கக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வரும் நாள் காலையில் அப்பா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பின்னின் நடுவில் அழகாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. எண்ணெய்மேல் சந்தனம் ஒட்டாது என்று, அத்தை ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துப் பொட்டு வைத்து, பழையபடி சுற்றியும் வைத்திருந்தாள். எண்ணெய் போன எஃகில் ஈரச் சந்தனம் பட்டால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

அப்பாவின் முகம் செத்துவிட்டது. “இப்படிச் செஞ்சுபோட்டீங்களேக்கா!”

“எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இதை மட்டும் உட்டா நல்லாவா இருக்கும், தம்பி?”

வீடே மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து துடைத்தோம். ஆனாலும் இன்ஸ்பெக்டர் ஒரு பின்னை மூக்கருகே கொண்டுபோனார். “சந்தன வாசனை வருதே?”

அப்பா மழுப்புவதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டாள். “நாந்தானுங்க பொட்டு வெச்சுப்போட்டேன். எந்தம்பி மேல தப்பில்லீங்க.”

அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் லென்ஸ் வைத்து மறுபடி பார்த்தார். ஒன்றில் மட்டும் துருப்புள்ளி இருந்தது. அதில் சிவப்புப் பெயிண்ட் தடவி ஒதுக்கினார், மற்றவை தேறின. போகும்போது அத்தை கொடுத்த பொரிகடலையை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒதுக்கிய அந்தப் பின்னை அத்தை கேட்டு வாங்கிப்போய்ப் பூஜையறையில் வைத்தாள். தினமும் குளித்ததும் அதற்கு ஒரு பொட்டு. கழித்துப் போட்டதற்கு இத்தனை மரியாதையா என்று நாங்கள் கேலி செய்வோம். அடுத்த ஆர்டரும் வந்துவிட்டிருந்ததால் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அத்தை மகன் லீவில் வந்திருந்தபோது ஒருநாள் பார்க்கிறேன், அந்தப் பின் பொட்டில்லாமல் வெறுமனே கிடக்கிறது.

“அத்தை, இதுக்குப் பொட்டு வெக்க மறந்துபோட்டீங்க!”

“ஆமாங்கண்ணு, மறந்துதான் போட்டேன்” என்றாள், மகனுக்குத் தோசை வார்த்தபடியே. அவர் இருந்தவரை தினமும் மறந்தாள். அவர் ரயிலேறிய மறுநாள் காலையில் பின்னில் பொட்டு இருந்தது. அத்தைக்கு ஒருவழியாக ஞாபகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.