ஒன்பதாம் நம்பருக்கு மருந்து அடித்த தேதி

ஜூலியானாவுக்கு மூக்கின் மேல் கோபம். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகக் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதும் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, ஆபீசுக்குள் வந்தவள். பதிவில் ஒரு புள்ளி தவறினாலும் மேனேஜரையே நிற்கவைத்துக் கேட்பாள். பக்கத்து மேசைக்காரனான நான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

போன வருடக் கடைசியில் ஆபீசுக்கு ஓர் ஏஐ ஏஜெண்ட் வந்தது. எந்தக் கேங் எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று தினமும் காலையில் அதுவே முடிவு செய்து கங்காணியின் போனுக்கு அனுப்பும். எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், அதை எப்போது நம்பலாம் என்று அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும். மேனேஜர் டொனால்ட் அந்த வேலையை ஜூலியானாவின் தலையில் கட்டினார். இருபத்திரண்டு கருவிகள். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். பூச்சிமருந்துப் பதிவுக்கு அவள் எழுதியது இதுதான்: "மருந்து அடித்த தேதியைக் காட்டும். அன்றிலிருந்து ஏழு நாள் ஆகாமல் ஆளை அனுப்பக்கூடாது."

எங்கள் வழக்கம் ஒன்று அதில் விட்டுப்போனது. திங்கட்கிழமையே அந்த வாரத் திட்டத்தைப் பார்த்துத் தேதிகளை மொத்தமாகப் போட்டுவிடுவோம். மழை பெய்தால் மருந்து அடிப்பது இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். தேதியை யாரும் திருத்துவதில்லை. கங்காணி மகேன் காலையில் வாசலில் நின்று, "அக்கா, அது நேத்துதான் அடிச்சோம்" என்பான். ஜூலியானா ஆளை மாற்றிவிடுவாள். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழே காலுக்குத் திரையைப் பார்த்தவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஒன்பதாம் நம்பர் மலைக்குப் பாஞ்சாலையின் கேங், பதினொரு பெண்கள். பதிவின்படி மருந்து அடித்து எட்டு நாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை முழுக்க மழை. உண்மையில் அடித்தது வியாழக்கிழமை. ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

மகேனுக்குப் போன் போட்டாள். அந்த மலையில் லைன் கிடைக்காது என்று தெரிந்தும் மூன்று தரம் போட்டாள். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பின்னால் நான் தொற்றிக்கொண்டேன். பனியில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. சேற்றில் இரண்டு முறை வண்டி சறுக்கியது. மெதுவாகப் போகச் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு வாங்க!" என்று கத்தினாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் நான்கு வரிசை உள்ளே இருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க! எலைய கீழ போடுங்க! மொகத்துல கைய வைக்காதீங்க!"

மகேன் விழித்தான். "வியாழக்கிழமதான் அடிச்சோம்னு எனக்குத் தெரியும்க்கா. போன்ல வந்துச்சு. நீங்க பார்த்துதான் அனுப்பியிருப்பீங்கன்னு நெனச்சேன் லா."

அவனைத் திட்ட வாயைத் திறந்தவள் பெண்கள் கைமுகம் கழுவத் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தாள். இரண்டு பேருக்குக் கண் எரிந்தது. ரிங்லெட் கிளினிக்கில் காட்டி மத்தியானம் அழைத்து வந்தோம். நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை.

"ஏஐ தப்பு பண்ணிடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க" என்றார் டொனால்ட்.

"அது தப்பு பண்ணல சார். நான் எழுதினத நம்புச்சு."

அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தேதி எத்தனை தரம் பொய் சொல்கிறது என்று தெரியாமல் திருத்தி எழுத மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மருந்து அடிப்பவர்களின் கைநோட்டையும் கம்ப்யூட்டர் பதிவையும் பக்கத்தில் வைத்து, ஏஜெண்ட் வருவதற்கு முந்தைய ஒரு வருடத்தை நாள் நாளாக ஒப்பிட்டோம். பதினான்கு இடத்தில் தேதி ஒத்துவரவில்லை. பதினொன்றில் மகேன் வந்து சொல்லியிருக்கிறான். மூன்றில் அவன் லீவு. அந்த மூன்று முறையும் ஆளை அனுப்பியது ஜூலியானாவேதான்.

அந்த மூன்றில் கடைசித் தேதியில் அவள் விரல் நின்றுவிட்டது. ஆகஸ்ட் பன்னிரண்டு, நான்காம் நம்பர், பாஞ்சாலையின் கேங். அந்த வாரம் பாஞ்சாலைக்கு இரண்டு கையும் கொப்பளித்து எட்டு நாள் மருத்துவ விடுப்பு. விடுப்பைப் பதிந்ததும் ஜூலியானாதான்.

ஏஜெண்டுக்கான குறிப்பை அப்போதே திருத்தினாள்: "இது திட்டமிட்ட தேதி மட்டுமே. மருந்து எப்போது அடித்தார்கள் என்று கங்காணியைக் கேட்டு உறுதி செய்யாமல் யாரையும் அனுப்பாதே." பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

பாஞ்சாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜூலியானா உட்காரவில்லை. தேதியைச் சொன்னாள். மலையைச் சொன்னாள். தான்தான் அனுப்பியதாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பாஞ்சாலை கத்தியை வைத்துவிட்டுத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கை கொப்பளிச்சதுக்கு, சோப்ப மாத்துங்கக்கான்னு சொன்னியே ஜூலி" என்றார். "நானும் இத்தன நாளா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கேன்."