இருமி வாங்கிய அப்பம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கம்பளையில் ஒரு முஸ்லிம் நானாவின் பேக்கரியில், பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்பில் வேலை செய்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. என்னைச் சேர்த்துக்கொண்டது நெருப்புதான். எங்கள் வேதக்கோயிலில் நற்கருணைக்கு வைப்பதும் நான் சுட்ட பாண்தான். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை அது அப்பமாகிவிடும். அந்தப் பெருமையில் சட்டையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல்தான் கோயிலுக்குப் போவேன்.

நற்கருணை வாங்க முதலில் ஆண்கள் நாங்கள் போய்ப் பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதியருகே முழங்காலிடுவோம். பிறகு பெண்கள். நானும் என் பெண்சாதியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டது கலியாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் நான் அவளைப் பார்க்கவில்லை. பயத்தில் குருவானவரின் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வருஷம் கழித்து, அவளுக்குச் சயரோகம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்களுடையது எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்கும் கோயில். அவளுக்கு முன்னால் போய்விடப் பெண்கள் முண்டியடித்தார்கள். புதிதாக வந்திருந்த குருவானவர் யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனுஷன். அவர் ஒரு வழி கண்டார். எல்லோரும் குடித்து முடித்த பிறகு அவளைக் கூப்பிட்டு, அப்பத் துண்டைத் திராட்சரசத்தில் தோய்த்து நாக்கில் வைத்தார். அவள் உதடு கிண்ணத்தில் படவில்லை. ஆனால் அவ்வளவு நீளக் கிராதியில் அவள் ஒருத்திதான். கோயிலே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வரும் வழியில் பாலத்தில் நின்று சொன்னாள்:

"இனி நான் வரலீங்க. அத்தன பேரு பாக்கத் தனியா நிக்க என்னால ஏலாது."

"ஏன், ரசம் கொஞ்சமாத் தந்தாரா?"

"ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டு."

அடுத்த தடவை நான் மட்டும் போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்று, "என்ன பாட்டு பாடினாங்க?" என்று கேட்டாள். இன்னும் எத்தனை நற்கருணை அவளுக்கு மிச்சமிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று மாலையே குருவானவரிடம் போனேன்.

"எனக்கும் இருமலுங்க ஐயா. எனக்கும் தோய்ச்சே தாங்க."

இருமிக் காட்டினேன். பதினைந்து வருஷம் போறணைப் புகையில் நின்றவன், அன்றைக்குப் பார்த்து இருமல் வரவில்லை. ஆடு கத்திய மாதிரி ஏதோ வந்தது.

"எத்தினை நாளா?" என்றார்.

"அவ தனியா நின்ன நாள்லருந்துங்க."

அவர் தலையாட்டினார். "ஓம், ரெண்டு பேரும் கடைசியா வாங்கோ."

வீட்டுக்கு ஓடினேன். "ஒனக்குத் தொணையா இன்னொரு நோயாளி கெடச்சிட்டான். செவப்பா, ஒசரமா, நல்ல அழகன்."

"அப்ப அது நீங்க இல்ல," என்றாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

இரண்டாம் முறையாகப் பக்கத்தில் முழங்காலிட்டோம். இந்தத் தடவை நான் சப்பாத்தைப் பார்க்கவில்லை. நான் சுட்ட பாண் பஞ்சு மாதிரி, ரசத்தை அப்படியே குடித்திருந்தது. அது என் தாடையில் வழிந்தது. யார் பார்த்தாலும் கூசுகிறவள், கோயில் முழுக்கப் பார்த்திருக்க, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"சின்னப் புள்ள மாதிரி," என்றாள், எனக்கு மட்டும் கேட்க.

ஏழு மாதம் அப்படிப் போனோம். பிறகு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பின் ஆண்கள் வரிசையில் எனக்குக் கிண்ணமே வந்தது. வாய் நிறைய ரசம், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஊறிய துண்டுதான் வேண்டியிருந்தது.

வாசலில் குருவானவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருமல் எப்பிடி இருக்கு?"

"சொகமாயிருச்சுங்க ஐயா," என்றேன். அந்தச் சுகம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.