காய்ச்சல் காலத்தில் கதவைச் சாத்திய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத ஒரு புலவரை வைத்துக்கொள்ளலாம் என்று என் மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் எங்கள் பேட்டையான டோல்கேட்டில் வந்து பெட்டிப் பட்டறை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் வாசலைக் காட்டும். துறைமுகத்துக்குப் போகும் மரப்பெட்டிகளில் பாதி நான் ஆணி அடித்து அனுப்பியவை. யாரும் கைதூக்கிவிட்டு நான் மேலே வந்ததில்லை, அக்கா ஒருவரைத் தவிர. ஆகையால் இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா அவர்கள் பிறந்தது எண்ணூரில், உப்பளத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் உப்பு வாரியவர்கள். முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் வந்த விஷ ஜுரத்தில் அப்பா முதலில் போனார். நம் வழக்கப்படி ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுதார்கள். அம்மாவுக்கு அப்போதே உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. சில நாளில் அவரும் போனார். கட்டிக்கொண்டு அழுதவர்களின் வீடுகளிலும் சாவு விழுந்தது. நான் அப்போது கோலி ஆடும் பையன். அக்கா விவரம் தெரிந்த பெண். "ஜுரம் கொன்னது பாதி, நாம கட்டிக்கினு அழுது கொன்னது பாதி" என்று பிற்காலத்தில் சொல்வார்.

பிறகு என்னை ராயபுரத்துக்குக் கூட்டி வந்தார். மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளி எனக்குச் சோறு போட்டார். மரப்பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்காரரிடம் தொழில் பழக விட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மாமா, இரண்டாம் யுத்த காலத்தில், ஒரு திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் எல்லாரும் பானைக்குள் விட்டு எடுத்த சொம்பிலேயே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து, வாந்திபேதியில் போய்விட்டார். குழந்தை இல்லை. அக்கா என் வீட்டுக்கு வந்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் காய்ச்சாத தண்ணீர் கிடையாது. கோடையில் வந்த விருந்தாளிக்கும் அதைத்தான் ஆற்றிக் கொடுப்பார். இதற்காக முகம் சுளித்த உறவினர்கள் உண்டு. இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

சென்ற ஆண்டு கப்பல் வழியாக ஃப்ளூ ஜுரம் வந்தபோது முதலில் படுத்தவர்கள் துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோன என் ஆட்கள்தான். பட்டறைக் கொட்டகையிலேயே வரிசையாகப் படுத்தார்கள். வீட்டில் என் மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. அக்கா ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வீட்டு வாசலில் கட்டிக் கதவைச் சாத்தினார். அம்மை கண்ட வீட்டில்தான் அப்படிக் கட்டுவோம், கட்டினால் ஒருவரும் படி ஏற மாட்டார்கள். ஃப்ளூவுக்கு யாரும் கட்டியதில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் ரொட்டியும் ஆரஞ்சுமாகப் பத்துப் பேர் வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவதுதான் நம்மிடம் மரியாதை.

மருமகளின் தாயார் காசிமேட்டிலிருந்து பழக்கூடையுடன் வந்தவர், வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார்.

"இன்னா அண்ணி, என் பொண்ணுக்கு அம்மா போட்டுக்கீதா?"

"உன் பொண்ணு நல்லாத்தான் கீறா. உள்ள வராத. கூடைய வச்சிட்டுப் போ."

"அம்மா போடாத வூட்டுல வேப்பில கட்டினா ஆத்தாவுக்குக் கோவம் வராது?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ தள்ளி நில்லு."

"வந்துட்டாங்க பெரிய டாக்டரம்மா!"

"ஆமா, உன் பொண்ணு பெத்துப் பொழைக்கிற வரிக்கும் டாக்டர்தான். அப்பால வந்து சண்ட போடு, நானும் தயாரா கீறேன்."

சம்பந்தியம்மா கூடையை வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்.

கொட்டகையில் கஞ்சி காய்ச்சித் தர ஆள் இல்லை. அக்கா அங்கே போனார். போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, அங்கேயே இருந்துகொண்டார். எனக்கும் ஜுரம் வந்தது, நானும் கொட்டகையிலேயே படுத்தேன்; என் உடம்பு உழைத்த உடம்பு, எழுந்துவிட்டேன். ஆட்களும் எழுந்தார்கள். கடைசியில் அக்கா படுத்தார். டாக்டர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்.

ஒரு சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் போயிட்டா ஆள் அனுப்பிச் சொல்லிக்கினு இருக்காத. மேளம் வேணாம். வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவாத, புள்ளத்தாச்சி கீறா. ஜுரம் வந்து எழுந்தவன் நாலு பேர் தூக்கினா போதும்."

"இன்னாக்கா பேசற? என் அக்கா சாவுக்கு டோல்கேட்டே வந்து நிக்கணும்."

"நிக்கட்டும். அவுங்கவுங்க வாசல்ல நிக்கட்டும்."

அக்கா போய்விட்டார். என்னிடம் இருந்த வசதிக்குப் பூப்பல்லக்கு, பேண்டு, குதிரை வைத்து ஹைரோட்டையே நிறுத்தியிருப்பேன். செய்யவில்லை. நானும் ஜுரம் கண்டு எழுந்த மூன்று ஆட்களும் தூக்கினோம். என் மகனைக்கூட வர விடவில்லை. காசிமேடு மயானம் வரைக்கும் தெருவில் பெண்கள் அவரவர் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா சொன்னது அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது; ஒருவரும் படி இறங்கவில்லை. சம்பந்தியம்மாவும் அப்படித்தான் நின்றார். இறங்கப் போன தன் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்து, "அண்ணி சொல்லிக்கீது, நில்லு" என்றார். என் காதால் கேட்டேன்.

இருபது நாளைக்குள் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். எங்கள் தெருவில் அதன்பின் அந்த ஜுரத்தில் யாரும் சாகவில்லை.

இன்னொரு நோய் வரும். என் காலத்திலேயே மூன்று பார்த்துவிட்டேன். வந்தால் இந்த மலரை எடுத்து இதை ஒரு தரம் படிக்கவும்.

பாடை சுமந்த மூவருக்கும், டாக்டர் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்களுக்கும் முன்னால், அன்று துக்கத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்த அத்தனை பேருக்கும் என் நன்றி. வராததற்கு வருத்தம் தெரிவித்துச் சொல்லி அனுப்பியவர்கள் பலர். வருத்தம் எதற்கு? இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில் பட்டறை முழுவதும் பந்தல் போட்டிருக்கிறேன். முதல் பந்தி உங்களுக்குத்தான். குடும்பத்தோடு வந்து சாப்பிட வேண்டும்.